மூக்கிலிருந்து மூளைக்கு



என் நண்பர் ஒருவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகளுக்கு முன், மழை நாளொன்றில், மிதிவண்டியிலிருந்து வழுக்கி விழுந்தார். பின்தலை சாலையில் மோதியது. இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். எலும்பு முறிவு இல்லை. நினைவும் பேச்சும் பழுதின்றி இருந்தன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மகிழ்ந்து வீட்டுக்கு அழைத்து வந்தனர். மறுநாட் காலையில் மனைவியார் காப்பி கொண்டு வந்து கொடுத்தார். ஒரு வாய் பருகிய நண்பர், "இதென்ன, வெந்நீரைக் கொடுத்திருக்கிறாயே!" என்றார். காப்பியில் ஒரு குறையும் இல்லை. அவருக்குத்தான் மணம் என்பதே தெரியாமற் போயிருந்தது.

முதலில் அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. கண் போகவில்லை, காது போகவில்லை, மூக்குத்தானே என்று வேடிக்கையாகப் பேசினார். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கருகி, பாத்திரமே பழுத்துவிட்டது. அவர் அடுத்த அறையில் அமர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். பாலுக்குப் பதிலாக எரிவாயு கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சமையல் வாயுவுக்கு இயல்பில் நம்மை எச்சரிக்கும் அளவுக்கு மணம் கிடையாது. கசிவை நாம் உணர வேண்டும் என்பதற்காகவே நாற்றமுடைய ஒரு கந்தகச் சேர்மத்தை அதிற் கலந்து விடுகிறார்கள். அந்த எச்சரிக்கை அவர் வரையில் பயனற்றதாகி விட்டது. இவற்றையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். ஒரு மாலை மட்டும், "பேரக் குழந்தையைத் தூக்கினால் யாரோ வீட்டுப் பிள்ளையைத் தூக்குவது போல் இருக்கிறது, ஐயா" என்றார். அதற்கு நான் விடை ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து மாதம் கழித்து அவருக்கு மணம் மெல்லத் திரும்பியது. ஆனால் திரும்பி வந்த முறைதான் விந்தை. காப்பி, எரிந்த ரப்பரைப் போல நாறியது. மல்லிகைச் சரம் அழுகிய வெங்காயம் போல் இருந்தது. அவர் என்னிடம் கேட்டார்: "நீர் விஞ்ஞானம் படித்தவராயிற்றே, சொல்லும். அறுந்த நரம்பு மறுபடியும் முளைக்குமா? முளைக்கும் என்றால், தன் பழைய இடத்துக்குப் போய்ச் சேர அதற்குத் தெரியாதா?"

இவ்விரண்டு கேள்விகளையும் உங்கள் முன் வைக்கவே இன்று வந்திருக்கிறேன்.

வானொலியில் படம் வரைந்து காட்ட இயலாது. ஆகவே உங்கள் சுட்டுவிரலையே துணைக்கு அழைக்கிறேன். இரு புருவங்களுக்கும் நடுவே, மூக்கின் வேர் தொடங்கும் இடத்தில் விரலை வையுங்கள். அவ்விடத்திற்குப் பின்னால், சற்றே உள்ளே, மூக்குக் குகையின் கூரை இருக்கிறது. அக்கூரையை ஒட்டிய மெல்லிய சவ்வில்தான் மணமறியும் நரம்பணுக்கள் குடியிருக்கின்றன. சவ்வின் பரப்பு சில சதுர சென்டிமீட்டரே. பெரியதொரு அஞ்சல் தலையை ஒத்தது எனலாம். அச்சிறு பரப்பில் அறுபது இலட்சம் முதல் ஒரு கோடி வரை நரம்பணுக்கள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வோர் அணுவும் கீழ்ப்புறத்தில், மூச்சுக் காற்று செல்லும் வழியில், நுண்ணிய மயிரிழைகள் சிலவற்றை நீட்டிக்கொண்டிருக்கிறது. இவை மூக்கின் ஈரப் படலத்தில் மிதக்கின்றன. காற்றோடு வரும் மணத்துகள் ஈரத்தில் கரைந்து இவ்விழைகளைத் தீண்டுகின்றது.

இங்கே ஒரு செய்தியை நீங்கள் கவனிக்க வேண்டும். கண்ணிலுள்ள ஒளியறியும் அணுக்கள் விழியின் உட்சுவரில் பத்திரமாக இருக்கின்றன. தோலிலுள்ள தொடுவுணர்ச்சி நரம்புகளின் அணுவுடல்கள் முதுகெலும்பை ஒட்டி ஒளிந்திருக்கின்றன; நுனிகள் மட்டுமே தோலின் அடியில் வருகின்றன. மூக்கில் மட்டும் நரம்பணுவே வெளியுலகக் காற்றை நேரே எதிர்கொண்டு நிற்கிறது. அதே அணுவின் மறுமுனை மூளைக்குள் இருக்கிறது. ஒரு கால் தெருவிலும் ஒரு கால் பூசையறையிலும் ஊன்றி நிற்பவனைப் போன்றது அது.

அந்த மறுமுனை எப்படி மூளைக்குட் செல்கிறது? அணுவின் மேற்புறத்திலிருந்து நீண்ட இழை ஒன்று புறப்படுகிறது. இதனை நரம்பிழை என்போம். அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கு. நம் உடலிலுள்ள நரம்பிழைகளில் மிக மெல்லியவற்றுள் இவை சேரும். பல்லாயிரம் இழைகள் கூடிச் சிறு புரிகளாகி, மூக்கின் கூரையாக அமைந்த எலும்புத் தகட்டை அடைகின்றன. தகடு முழுவதும் சல்லடைக் கண்கள். சல்லடைத் தட்டு என்றே அதற்குப் பெயர். புரிகள் கண்களின் வழியே நுழைந்து மேலே சென்றால், தட்டின்மேல் படுத்தாற்போல் இருக்கும் மூளையின் ஒரு சிறு உறுப்பை அடைகின்றன. இதனை நுகர்குமிழ் என்கின்றனர். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

என் நண்பருக்கு நேர்ந்தது என்ன என்பது இப்போது விளங்கும். பின்தலை தரையில் மோதியபோது, மண்டையோட்டினுள் நீரில் மிதக்கும் மூளை ஒரு குலுங்கு குலுங்கிற்று. சல்லடைத் தட்டு எலும்பு, அது அசையாது. குமிழ் அசைந்தது. இரண்டுக்கும் இடையே சென்ற பட்டு நூல் போன்ற இழைகள் கண்களின் ஓரத்தில் அறுந்து போயின. வெளியே ஒரு கீறல் கூட இல்லை.

இந்த வழி, நன்மை தருவதோடு ஆபத்தும் தருவது. குளத்து நீரில் வாழும் நேக்லேரியா என்னும் அமீபா, நீரில் பாய்ந்து குளிப்போரின் மூக்கினுட் புகுந்து, இதே நரம்பிழைகளின் வழியே மூளைக்கு ஏறி விடுவதுண்டு. மிக அரிய நோய்தான். ஆனால் வந்தவர் பிழைப்பது அதைவிட அரிது. 2024-ஆம் ஆண்டில் கேரளத்தில் சிறுவர் சிலர் இத்தகைய அமீபா நோயால் உயிரிழந்தனர். தேங்கிய, வெதுவெதுப்பான நீரில் தலைகுப்புறப் பாயும் விளையாட்டை மாணவர்கள் தவிர்ப்பது நலம்.

இனி, குமிழினுள் நுழைவோம். அங்கே இழைகள் எவ்வாறு முடிகின்றன என்பதை முதலிற் கண்டவர் இத்தாலிய மருத்துவர் காமில்லோ கோல்ஜி. ஆபியாதெகிராசோ என்னும் சிற்றூரில், தீரா நோயாளிகளின் மருத்துவமனை ஒன்றில் அவர் பணியாற்றினார். அங்கிருந்த சமையலறையே அவருக்கு ஆய்வுக்கூடம். 1873-ஆம் ஆண்டில், மூளைத் திசுவை வெள்ளி உப்பில் ஊறவைத்து, சில நரம்பணுக்கள் மட்டும் கன்னங்கரேலென்று தெரியும்படி செய்யும் முறையைக் கண்டறிந்தார். எல்லா அணுக்களும் கறுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திராது; நூற்றில் ஓரிரண்டு மட்டும் கறுத்ததே அம்முறையின் சிறப்பு. 1875-இல் அம்முறையால் நுகர்குமிழை ஆராய்ந்தார். மூக்கிலிருந்து வந்த இழைகள் குமிழின் ஓரத்தில் சிறு சிறு உருண்டைகளாகச் சுருண்டு கிடப்பதைக் கண்டார். இவ்வுருண்டைகளுக்கு இலத்தீன் மொழியில் 'நூற்பந்து' என்னும் பொருளுடைய கிளாமெருலஸ் என்ற பெயர் வழங்குகிறது. நாம் நூற்கண்டு என்றே அழைப்போம். கீழிருந்து வரும் மூக்கு இழைகளும், மேலிருந்து மூளையின் அணுக்கள் நீட்டும் கிளைகளும் அந்த நூற்கண்டுக்குள் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன.

தழுவிக் கிடக்கின்றனவா, ஒட்டி ஒன்றாகி விடுகின்றனவா? இந்தக் கேள்வி ஒரு பெரும் போராட்டத்துக்கு வித்தாயிற்று. நரம்பு மண்டலம் முழுவதும் இடைவெளியற்ற ஒரே வலை என்பது கோல்ஜியின் கொள்கை. அவருடைய கறுப்பு முறையைக் கற்றுத் திருத்திய ஸ்பெயின் நாட்டு ராமோன் இ கஹால், 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே குமிழை ஆராய்ந்து, மூக்கின் இழை நூற்கண்டுக்குள்ளேயே முடிந்து விடுகிறது, அதற்கு அப்பால் ஒரு சிறு கிளை கூடச் செல்வதில்லை என்று கண்டார். எனவே நரம்பணுக்கள் தனித்தனி ஆட்கள். செய்தி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறுகிறது என்றார். 1906-இல் நோபெல் பரிசு இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. பரிசு பெற்ற மேடையில் கோல்ஜி நிகழ்த்திய சொற்பொழிவு, உடன் பரிசு பெற்றவரின் கொள்கையை மறுப்பதாகவே அமைந்தது! 1950-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி இரு அணுக்களுக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியைக் காட்டியபோது, கஹால் கூறியதே சரியென்று உறுதியாயிற்று. மூக்கு, இந்த வழக்கில் முக்கியமான சாட்சிகளுள் ஒன்றாக இருந்தது.

இவ்வளவும் தெரிந்த பின்னும் ஒரு புதிர் எஞ்சி நின்றது. கண்ணில் இப்புதிர் அவ்வளவு கடினமன்று. விழித்திரையில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள அணுக்களின் செய்திகள், மூளையிலும் பக்கத்துப் பக்கத்திலேயே போய்ச் சேர்கின்றன. ஒரு படத்தை அப்படியே மாற்றி ஒட்டுவது போல. மணத்துக்கு மேல் கீழ் ஏது, இடம் வலம் ஏது? எலுமிச்சையின் மணத்துக்குப் பக்கத்து வீடு எது? அப்படியிருக்க, மூக்கின் இழைகள் எந்த ஒழுங்கில் குமிழை அடைகின்றன?

விடையின் முதற்பகுதி 1991-இல் கிடைத்தது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் என்னும் இருவரும், மணத்துகளைப் பிடிக்கும் புரதங்களை ஆக்கும் மரபணுக்களை எலியின் மூக்கிற் கண்டுபிடித்தனர். இப்புரதங்களை ஏற்பிகள் என்கிறோம். பத்து இருபது வகை இருக்கும் என்று எண்ணியவர்கள் வியக்கும்படி, அவை ஏறத்தாழ ஆயிரம் வகையாக இருந்தன. மனிதனில் பயன்படும் நிலையிலுள்ளவை சுமார் 400. நம்முடைய மரபணுக்களில் வேறெந்தக் குடும்பமும் இத்துணைப் பெரிதன்று. 2004-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. பின்னர் நடந்த ஆராய்ச்சிகளிலிருந்து இன்னொன்று தெளிவாயிற்று: ஒரு நரம்பணு ஒரே ஒரு வகை ஏற்பியைத்தான் ஆக்குகிறது. ஆயிரத்தில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றை அடைத்து விடுகிறது. ஒரு மணப்பொருள் ஒரே ஏற்பியைத் தீண்டுவதுமில்லை. பலவற்றைப் பல அளவில் தீண்டுகிறது. எழுத்துகள் கூடிச் சொல்லாவது போல, எந்தெந்த ஏற்பிகள் விழித்தன என்ற கூட்டுத்தான் ஒரு மணம்.

இதிலிருந்து பிறக்கும் தொல்லையை எண்ணிப் பாருங்கள். ஒரே ஏற்பியை உடைய அணுக்கள் மூக்கில் ஓரிடத்தில் கூட்டமாக இருப்பதில்லை. பெரிய பகுதி ஒன்றில் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. பக்கத்து அணு வேறு ஏற்பியை உடையது. அப்படியானால் எந்த ஏற்பியிலிருந்து செய்தி வந்தது என்று மூளை எப்படி அறியும்?

1996-இல், ஆக்செலின் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் மோம்பார்ட்ஸும் அவருடைய துணைவர்களும் இதைக் கண்ணாற் கண்டனர். பி-2 என்னும் ஓர் ஏற்பியின் மரபணுவோடு இன்னொரு மரபணுவைப் பிணைத்து, அவ்வேற்பியை ஆக்கும் அணுக்கள் மட்டும் இழையின் நுனி வரையில் நீல நிறம் பெறும்படி சுண்டெலிகளை உண்டாக்கினர். மூக்கையும் குமிழையும் திறந்து பார்த்தபோது, மூக்கெங்கும் நீலப் புள்ளிகள் தூவினாற்போல் கிடந்தன. அவற்றிலிருந்து புறப்பட்ட நீல நூல்கள் சல்லடைத் தட்டைக் கடந்து, ஏறத்தாழ 1,800 நூற்கண்டுகள் கொண்ட குமிழில், உட்பக்கம் ஒன்று வெளிப்பக்கம் ஒன்றாக இரண்டே நூற்கண்டுகளில் போய்க் குவிந்தன. வேறு எலியை எடுத்தாலும் ஏறத்தாழ அதே இடம். அந்தப் படத்தை நான் முதன்முதற் பார்த்தபோது நெடுநேரம் புத்தகத்தை மூட மனம் வரவில்லை.

பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். சாலையில் எல்லா ஊர் மக்களும் கலந்துதான் நடக்கிறார்கள். மலையடிவாரத்தை அடைந்ததும் ஒவ்வோர் ஊராரும் தத்தமக்கு உரிய மடத்தில் போய்ச் சேர்ந்து விடுகிறார்கள். அதுபோலவே மூக்கில் கலந்து கிடந்தவை குமிழில் வகைவகையாகப் பிரிந்து விடுகின்றன. எந்த நூற்கண்டில் ஒலி எழுந்தது என்று பார்த்தாலே எந்த ஏற்பி விழித்தது என்று மூளைக்குத் தெரிந்து விடும்.

ஆனால் இழைக்கு வழி சொல்வது யார்? நரம்பிழைகள் வேதிக் குறிகளை மோப்பம் பிடித்துத் தம் இடத்தை அடைகின்றன என்பது ரோஜர் ஸ்பெரி 1963-இல் தெளிவாக வகுத்த கருத்து. 1940-களில் அவர் நீர்ப்பல்லி, தவளை ஆகியவற்றின் கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, விழி நரம்பையும் வெட்டினார். நரம்பு மீண்டும் வளர்ந்து தன் பழைய இடத்தையே தேடிப் பிடித்தது. ஆகவே தலைக்கு மேலே ஈயைக் காட்டினால், அத்தவளை கீழே மண்ணை நோக்கிப் பாய்ந்தது. அதன் நரம்பு பயனைக் கருதவில்லை, முகவரியைத்தான் கருதியது.

மூக்கில் முகவரி எது? வியப்பிலும் வியப்பு, மணத்தைப் பிடிக்கும் அதே ஏற்பிக்கு அதிற் பெரும் பங்குண்டு. மோம்பார்ட்ஸ் குழுவினர் பி-2 ஏற்பியின் மரபணுவை நீக்கி, அவ்விடத்தில் வேறோர் ஏற்பியின் மரபணுவை வைத்துப் பார்த்தனர். நீல நூல்கள் பழைய நூற்கண்டுக்குச் செல்லாமல் வேறொன்றுக்குச் சென்றன. ஆனால் புதிய ஏற்பிக்கு வழக்கமாக உரிய இடத்துக்கும் அவை செல்லவில்லை. ஏற்பி முகவரியின் ஒரு பகுதி. முழு முகவரி அன்று. அணு மூக்கில் எந்தப் பகுதியில் பிறந்தது என்பதும் முகவரியில் ஒரு வரி. ஏற்பிப் புரதம் மயிரிழைகளில் மட்டுமன்றி நரம்பிழையின் நுனியிலும் இருப்பது பின்னர்க் காணப்பட்டது.

ஏற்பி எப்படி வழி காட்டும்? டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹிதோஷி சகானோவின் குழுவினர் 2006-இல் ஒரு விடை தந்தனர். மணம் ஏதும் வராத போதும் ஏற்பி முற்றிலும் உறங்குவதில்லை. தனக்குள் மெல்ல முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வகை ஏற்பியின் முணுமுணுப்பும் ஒவ்வோர் அளவினது. அதற்கேற்ப அணுவினுள் சுழல் ஏ.எம்.பி. என்னும் பொருள் கூடுதலாகவோ குறைவாகவோ சுரக்கிறது. அதன் அளவுக்கேற்ப இழையின் மேற்பரப்பில் நியூரோபிலின் என்னும் புரதம் கூடுகிறது அல்லது குறைகிறது. அப்புரதம் மிகுந்த இழைகள் குமிழின் பின்பக்கம் செல்கின்றன. குறைந்தவை முன்பக்கம் நிற்கின்றன. குமிழை அடையுமுன், புரிக்குள் பயணம் செய்யும்போதே இழைகள் ஒன்றையொன்று தள்ளி இவ்வாறு வரிசைப்பட்டு விடுகின்றன என்று 2009-இல் அதே குழுவினர் காட்டினர். இடம் சேர்ந்த பின் நுட்பமான பிரிவினை நடக்கிறது. ஒத்த ஏற்பியுடைய இழைகள் ஒட்டும் புரதங்களால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, ஒவ்வாதவை விலகுகின்றன. ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டே நடந்து, இனத்தோடு இனம் சேர்கிற கூட்டம் அது.

நூற்கண்டுக்கு அப்பால் பயணம் விரைவானது. ஆயிரக்கணக்கான மூக்கு இழைகளின் செய்தியை அங்கே சில அணுக்களே வாங்கிக்கொள்கின்றன. இவற்றிற் பெரியவை கிறித்தவ ஆயரின் முடியைப் போன்ற வடிவுடையவை. ஆகையால் மைட்ரல் அணுக்கள் எனப்படும். சுண்டெலியில் ஒரு மைட்ரல் அணுவின் தலையாய கிளை ஒரே நூற்கண்டுக்குள்தான் செல்கிறது. ஓர் ஊராரின் செய்தியை மட்டுமே அது கேட்கிறது. கண்ணும் காதும் தோலும் தம் செய்திகளை முதலில் தலாமஸ் என்னும் நடுநிலையத்தில் ஒப்படைத்த பிறகே அவை மூளைப் புறணிக்குச் செல்லும். மணத்துக்கு அந்தக் காவல் இல்லை. மைட்ரல் அணுவின் இழை நேரே மணப் புறணிக்கும், அச்சம், ஆசை முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும் செல்கிறது; நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸும் அடுத்த படியிலேயே இருக்கிறது. பேரக் குழந்தையின் மணம் அறியாதவர்க்கு அக்குழந்தையே அயலாகத் தோன்றியது ஏன் என்பதற்கு இதில் ஓரளவு விடை உண்டென்று நான் எண்ணுகிறேன்.

இப்போது என் நண்பரின் முதற் கேள்விக்கு வருவோம். அறுந்த நரம்பு முளைக்குமா? மூளையின் நரம்பணுக்களிற் பெரும்பாலானவை இறந்தால் இறந்தவைதாம். மூக்கின் அணுக்கள் அப்படியல்ல. புகையும் தூசியும் கிருமியும் நேரே தாக்கும் இடத்தில் இருப்பதால் அவை நெடுநாள் வாழ்வதில்லை. சில வாரங்களோ மாதங்களோ வாழ்ந்து மடிகின்றன. அவற்றின் அடியிலேயே இருக்கும் மூல அணுக்கள் புதியவற்றைப் பெற்றுக்கொண்டே இருக்கின்றன. 1970-களில் ஃப்ளோரிடாவில் பஸ்க்வாலே கிரட்சியாடெய் நடத்திய ஆராய்ச்சிகள் இதனை நிலைநாட்டின. வளர்ந்த விலங்கிலும் புதிய நரம்பணு பிறக்கும் என்பதை அந்நாளில் நம்பியவர் சிலரே. ஒவ்வொரு புதிய அணுவும் ஓர் ஏற்பியைத் தேர்ந்து, இழை விட்டு, சல்லடைக் கண்ணைக் கடந்து, தனக்குரிய நூற்கண்டைக் கண்டுபிடித்தாக வேண்டும். நீங்கள் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் இந்நேரத்திலும் உங்கள் மூக்கில் அப்பயணம் நடந்துகொண்டிருக்கிறது.

இவ்விழைகளைப் பொதிந்து உடன் செல்லும் வழித்துணை அணுக்களும் உண்டு. அவற்றை எடுத்து, முதுகுத் தண்டில் வெட்டுண்ட இடத்தில் வைத்தால் அங்கும் நரம்பு வளருமா என்று சிலர் முயன்றிருக்கிறார்கள். 2014-இல் போலந்திலிருந்து வந்த ஒரு நோயாளியின் வரலாறு நம்பிக்கை அளித்தது. ஒருவர் வரலாற்றைக் கொண்டு அதனை மருத்துவம் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாம் கேள்விதான் கடினமானது. புதிய இழைக்கு வழி தெரியாதா? 2014-இல் வெளியான இரண்டு ஆராய்ச்சிகள் இதற்கு நேரான விடை தந்தன. சுண்டெலிக் குட்டி பிறந்ததை ஒட்டிய சில நாள்களில் இழைகளைத் தவறான இடத்துக்குப் போகச் செய்து, பிறகு தடையை நீக்கினால், புதிய இழைகள் சரியான இடத்தைக் கண்டுபிடித்து விடுகின்றன. அப்பருவம் கடந்து தடையை நீக்கினால் தவறு தவறாகவே நிற்கிறது. புதிதாகப் பிறக்கும் இழைகளும் முன்னவை சென்ற தவறான இடத்துக்கே செல்கின்றன. இதன் பொருள் என்ன? முதற் கூட்டம்தான் வழி தேடிச் செல்கிறது. பின்னால் வருபவை, தம் ஊரார் முன்னே செல்வதைப் பார்த்து அவர்கள் பின்னே நடக்கின்றன. ஒவ்வொரு நாளும் சில அணுக்களே இறந்து சிலவே பிறக்கும் வரையில் இம்முறை மிக நன்றாக நடக்கும். ஒரே நாளில் எல்லா இழைகளும் அறுந்து போனால்? மலையடிவாரத்தில் ஒரு மடத்திலும் ஆள் இல்லை. வழியிலும் முன்னே செல்பவர் இல்லை. புதியவர்கள் வருகிறார்கள்; கிடைத்த மடத்தில் நுழைகிறார்கள்.

காப்பியின் மணம் ரப்பரானது இதனால்தான் என்று அறுதியிட்டு நான் கூற மாட்டேன். மேற்கூறியவற்றில் பெரும்பாலானவை சுண்டெலியிற் கண்டவை. மனிதனுடைய குமிழில் நூற்கண்டுகளை எண்ணியவர்கள் சராசரியாக ஐயாயிரத்துக்கு மேல் இருப்பதைக் கண்டனர். 400 ஏற்பிகளுக்கு ஐயாயிரம் நூற்கண்டுகள் என்றால், ஏற்பிக்கு இரண்டு என்ற எலியின் கணக்கு நமக்குப் பொருந்தவில்லை. எனினும் இழைகள் இடம் மாறிச் சேர்வதும், சில வகை அணுக்கள் திரும்பியும் சில வகை திரும்பாமலும் இருப்பதும், இத்தகைய மணத்திரிபுக்குக் காரணமாகலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். நான்கு எழுத்துச் சொல்லில் இரண்டெழுத்து உதிர்ந்தால் மிஞ்சுவது வேறு சொல்லாகி விடுவதைப் போல.

2020-இல் கோவிட் நோய் பரவியபோது உலகெங்கும் பல கோடி மக்கள் இத்துன்பத்தைத் தாமே அறிந்தனர். அந்நோயின் நச்சுயிரி நரம்பணுவைத் தின்று விடுகிறது என்றே முதலில் அஞ்சினார்கள். அதே ஆண்டில் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் வேறொன்றைக் காட்டினர். அந்நச்சுயிரி உள்ளே நுழைவதற்கு வேண்டிய வாயில் நரம்பணுவில் இல்லை. அதற்கு ஊட்டமளித்துத் தாங்கி நிற்கும் பக்கத்து அணுக்களில்தான் இருக்கிறது. தாங்குவோர் வீழ்ந்ததால் நரம்பணு செயலிழக்கிறது. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் மணம் திரும்பியதற்கு இது காரணமாகலாம். சிலர்க்குத் திரும்பவில்லை, சிலர்க்கு என் நண்பரைப் போலத் திரிந்து திரும்பியது.

இதற்கு மருந்து உண்டா? மாத்திரையாக ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துத் தாமஸ் ஹும்மெல் குழுவினர் 2009-இல் ஓர் எளிய பயிற்சியை வெளியிட்டனர். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் என்னும் நான்கு மணங்களை, நாளுக்கு இரு வேளை, ஒவ்வொன்றையும் சில விநாடி, கவனத்தோடு முகர வேண்டும். பன்னிரண்டு வாரம் விடாமற் செய்தவர்களிற் சிலர்க்கு மணமறியும் ஆற்றல் ஓரளவு கூடியது. தலையில் அடிபட்டவர்க்குப் பயன் குறைவுதான். இதை நான் நண்பரிடம் மறைக்காமற் சொன்னேன். "குறைவு என்றால் இல்லை என்று பொருளா?" என்று கேட்டார். தமிழாசிரியரிடம் சொல்லை அளந்துதான் பேச வேண்டும்.

அன்று முதல் நான்கு சிறு சிமிழ்கள் அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கின்றன. மூடியின் அடிப்புறத்தில் பெயர் எழுதியிருக்கிறது. பேரன் அவற்றை வரிசை மாற்றி வைப்பான். இவர் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து சொல்ல வேண்டும். சென்ற வாரம் போயிருந்தேன். மூன்றாவது சிமிழைப் பேரன் நீட்டினான். நண்பர் நெடுநேரம் முகர்ந்தார். "பாட்டி பல்வலிக்கு வைத்துக்கொள்வது" என்றார். பையன் மூடியைத் திருப்பிப் பார்த்து, "கிராம்பு!" என்று கூவினான்.

அதற்குள் உள்ளேயிருந்து காப்பி வந்தது. "இது எப்படி?" என்று கேட்டேன். ஒரு வாய் பருகிப் பார்த்து, "இன்னும் ரப்பர்தான், ஆனால் எரிந்த ரப்பர் அன்று" என்று சொல்லி, மிச்சத்தையும் குடித்து முடித்தார்.